செயலாளர் ஆண்டறிக்கை: ஒரு பழைய ப்ரூவரியும் நம்ம சங்கத்தோட இந்த வருஷமும்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கிற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். கமிட்டி மாசம் தவறாம கூடுச்சு, கணக்கை பொருளாளர் அடுத்து வாசிப்பாங்க, அதனால இந்த வருஷம் நாம எடுத்துக்கிட்ட வேலைக்கு நேரா வந்துடுறேன். லண்டன்ல பழைய ஆலைக் கட்டடம் எல்லாம் இப்ப என்னவா இருக்குன்னு தேடிப் பாக்கலாம்னு போன பொதுக்குழுவுல பேசுனோம் இல்லையா, அதுல ஒண்ணுதான் முழுசா முடிஞ்சது, சிஸ்வெல் ஸ்ட்ரீட்ல இருக்கிற விட்பிரெட் ப்ரூவரி, அதாவது பீர் காய்ச்சுன ஆலை. சாராயம் காய்ச்சுன இடத்தைப் போயி பாக்கணுமான்னு சில பெரியவங்க கேட்டீங்க. உங்க தயக்கம் எனக்குப் புரியுது, ஆனா நாம பாக்கப் போனது குடியை இல்ல, ஒரு குடும்பத்தோட உழைப்பையும் அது விட்டுட்டுப் போன கட்டடத்தையும்.

சாமுவேல் விட்பிரெட் 1742ல கூட்டாளியோட தொழில் ஆரம்பிச்சாரு, 1750ல சிஸ்வெல் ஸ்ட்ரீட்டுக்கு வந்தாரு. அங்க காய்ச்சுனது போர்ட்டர்ங்கிற கருப்பு பீர், அதை உடனே விக்க முடியாது, மாசக்கணக்குல ஊற வைக்கணும், அவ்வளவையும் சின்னச் சின்னப் பீப்பாயில வெச்சா கட்டுபடியாகாது, அதனால பெரிய பெரிய தொட்டி, தரைக்கு அடியிலயும் தொட்டி. 1796ல ஒரே வருஷத்துல 2 லட்சம் பீப்பாய்க்கு மேல காய்ச்சியிருக்காங்க. அதே வருஷம்தான் அவரு இறந்தாரு, அப்புறம் அதே பேர் கொண்ட மகன் வந்தாரு.

போர்ட்டர் டன் ரூம்னு ஒரு பெரிய ஹால், அதுக்குள்ள நுழைஞ்சதும் எல்லாரும் பேச்சை நிறுத்திட்டு அண்ணாந்து பாத்தாங்க. இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவர் வரைக்கும் மர உத்திரம், நடுவுல ஒரு தூண் கிடையாது. "தூணே இல்லாம எப்படிப்பா நிக்குது?"ன்னு ஒரு அக்கா என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்க. கீழ ராட்சசத் தொட்டிங்க நிக்கணும், தூண் வந்தா இடைஞ்சல், அதுக்காகவே போட்ட கூரை அது. இன்னைக்கு அங்க விருந்தும் விழாவும் நடக்குது, தொட்டிக்காக விட்ட அந்த வெட்டவெளிதான் இப்ப நூத்துக்கணக்கான பேர் உக்காந்து சாப்பிட தோதா இருக்கு. இந்த வருஷம் நான் பாத்ததுலயே என் மனசுல நின்னது இதுதான்.

1785ல ஜேம்ஸ் வாட்டோட போல்டன் வாட் கம்பெனி நீராவி இன்ஜினை இங்க மாட்டுனாங்க, அதுவரைக்கும் மால்ட், அதாவது பீருக்கான முளை கட்டின தானியம், அரைக்கிற ஆலையைக் குதிரைங்கதான் சுத்திச் சுத்தி ஓட்டிச்சுங்க. 1787ல ராஜா மூணாம் ஜார்ஜும் ராணி சார்லட்டும் ப்ரூவரியைப் பாக்க வந்தாங்க. 102 வருஷம் உழைச்ச அந்த இன்ஜினை 1887ல கழட்டுனப்ப பழைய இரும்புக்குப் போகாம சிட்னி மியூசியத்துக்குக் கொடுத்துட்டாங்க, இன்னமும் அங்க பத்திரமா இருக்கு. நம்ம உறுப்பினர் ஒருத்தரோட பொண்ணு சிட்னியிலதான் இருக்கு, போய் போட்டோ எடுத்து அனுப்புறேன்னு சொல்லியிருக்கு.

காய்ச்சுறது 1976ல நின்னுச்சு. அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் அந்தக் கட்டடத்துலதான் 83 மீட்டர் நீளமான ஓவர்லார்ட் எம்பிராய்டரி இருந்துச்சு, ரெண்டாம் உலகப் போர்ல நடந்த நார்மண்டி படையெடுப்பைத் துணியில தைச்சது, அது இப்ப போர்ட்ஸ்மவுத்ல. விட்பிரெட் கம்பெனி 2000ல ப்ரூவரித் தொழிலையே வித்துட்டு இப்ப பிரீமியர் இன் ஹோட்டல் நடத்துது. சிஸ்வெல் ஸ்ட்ரீட்ல விழா நடத்துறவங்க அறைங்களுக்கு ஜேம்ஸ் வாட், கிங் ஜார்ஜ், குயீன் சார்லட்னு பழைய ஆளுங்க பேரையே வெச்சிருக்காங்க, எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம், அந்தப் பேரைக் கேட்டு நாலு பேராவது யாருன்னு விசாரிப்பாங்க.

அன்னைக்கு எடுத்த போட்டோவை இன்னும் கொடுக்காதவங்க அடுத்த கமிட்டிக்குள்ள எங்கிட்ட கொடுத்துடுங்க, ஆல்பம் போடணும். அந்தக் கூரையோட படம் தெளிவா யார்கிட்டயாவது இருந்தா கண்டிப்பா வேணும், நான் எடுத்தது எல்லாம் கை ஆடிருச்சு.