பதினொரு மணி வரை தண்ணீர் மேசையை எடுக்காதீர்கள்

சென்னையில் மாரத்தான் நடத்தும் குழுவினருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த மாரத்தானில், கடைசி ஆட்கள் வருவதற்குள் தண்ணீர் மேசைகளை எடுத்துவிட்டது உங்களுக்குத் தெரியும். பின்னால் ஓடியவர்கள் பலர் இதைப் பற்றி உங்களுக்கு எழுதியிருக்கிறோம். எல்லோருக்கும் வந்தது ஒரே பதில்: "கருத்துக்கு நன்றி." அதனால்தான் இந்தத் திறந்த மடல்.

காலை 4 மணிக்கு 42 கிலோமீட்டர் ஃபுல் மாரத்தான் தொடங்கியது. ஓடி முடிக்க வேண்டிய கெடு, அதாவது கட்-ஆஃப், 7 மணி நேரம்; 11 மணி வரை என்று அறிவித்தது நீங்கள்தான். நான் 36-வது கிலோமீட்டரைத் தொட்டபோது மணி 9.45. ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலையில் பொட்டு நிழல் இல்லை. தண்ணீர் மேசை இருந்த இடத்தில் மிதிபட்ட காகிதக் கப்புகள்தான் கிடந்தன. எனக்கு முன்னால் போன அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கன்னத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. எதிரில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் ஓடி வந்து இரண்டு காய் கொடுத்தார். எங்களிடம் காசும் இல்லை, போனும் இல்லை. "குடிங்கம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். கட்டணம் வாங்கியது நீங்கள், தண்ணீர் கொடுத்தது அவர்.

கடைசி ஆள் வரும் வரை, அல்லது கட்-ஆஃப் முடியும் வரை, பாதையில் தண்ணீரும் உப்பும் இருக்க வேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில், உடம்பு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காகவே மாரத்தானில் தண்ணீரைக் குறைத்தார்கள். கிளம்பிய 32 பேரில் 14 பேர்தான் முடித்தார்கள். 2007-இல் சிகாகோவில் வெயில் தாங்காமல் போட்டியையே பாதியில் நிறுத்தினார்கள். தண்ணீர் கிடைக்கவில்லை என்று அங்கேயும் ஓடியவர்கள் குமுறினார்கள். நம் ஊரில் கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. மூன்றரை மணி நேரத்தில் முடிப்பவர் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போய்விடுகிறார். அந்த வெயிலைத் தலையில் வாங்குகிறவர்கள் நாங்கள். எங்களுக்குத்தான் தண்ணீர் இல்லை.

தொண்டு செய்ய வந்த கல்லூரிப் பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு மேசையை மடிக்கச் சொன்னால் அவர்கள் மடிப்பார்கள். சொன்னது யார்? சாலையையும் அப்போதே திறந்துவிட்டார்கள். பேருந்து ஹாரனுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் கடைசி ஆறு கிலோமீட்டரையும் கடந்தோம். ஆனால் ஃபினிஷ் லைனில் மேடையும் ஸ்பீக்கரும் ஸ்பான்சர் வளைவும் அப்படியே நின்றன. படம் எடுக்க ஆள் இருந்தார், தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பாதையை மாற்றுகிறீர்கள், டி-ஷர்ட் நிறத்தை மாற்றுகிறீர்கள். பின்னால் வருகிறவர்கள் படும் பாடு மட்டும் மாறவில்லை.

கோபத்தில் சொல் கொஞ்சம் தடித்திருந்தால் மன்னியுங்கள். இந்த ஓட்டத்துக்காக ஆறு மாதம் விடிகாலையில் எழுந்தவன் நான்.

அடுத்த ஆண்டுப் பதிவைத் திறக்கும் முன், எந்தக் கிலோமீட்டரில் எத்தனை மணி வரை தண்ணீர் இருக்கும் என்று எழுதி அறிவியுங்கள். கடைசி மேசை 11 மணி வரை நிற்கட்டும். தயவுசெய்து.

இப்படிக்கு,
பின்வரிசையில் ஓடும் ஒருவன்