பாதி ஹாப்ஸைப் பாடமாக வைப்பவர்களுக்கு

அரசியல் தத்துவத்துக்குப் பாடத்திட்டம் போடும் பேராசிரியர்களே, வணக்கம்.

17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் என்றால் இயற்கை நிலை (அரசே இல்லாத நிலை), அதிலிருந்து வெளியேற மக்கள் போடும் ஒப்பந்தம், இறையாண்மை (அரசின் உச்ச அதிகாரம்), அவ்வளவுதான் என்று நானும் படித்து, பரீட்சை எழுதி, மார்க்கும் வாங்கினேன். பல வருஷம் கழித்து அவருடைய 'லெவியதான்' புத்தகம் முழுவதையும் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது, 47 அத்தியாயங்களில் கடைசி 16 பைபிளையும் திருச்சபையையும் பற்றியவை என்று. பக்கக் கணக்கில் கிட்டத்தட்டப் பாதிப் புத்தகம். அதை எப்படி விட்டீர்கள்?

அந்தக் காலத்துச் சமயச் சண்டை நமக்கெதற்கு என்பீர்கள். ஆனால் அவருக்குப் பிரச்சினையே அதுதான். 1637இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டுக்கும் மன்னரான முதலாம் சார்லஸ் ஸ்காட்லாந்தின் மேல் ஒரு ஜெபப் புத்தகத்தைத் திணித்தார். எடின்பரோ தேவாலயத்தில் கலகம், அப்புறம் போர், போருக்குப் பணம் கேட்கப் போய் நாடாளுமன்றத்தோடு மோதல், உள்நாட்டுப் போர், கடைசியில் 1649இல் மன்னரின் தலையே போனது. இரண்டு வருஷம் கழித்து வந்த புத்தகம் இது. அரசன் மிஞ்சிப்போனால் உயிரை எடுப்பான், பாதிரியாரோ முடிவில்லாத நரகத்தைக் காட்டுகிறார், இருவரும் வேறு வேறு கட்டளை போட்டால் சாதாரண மனிதன் யாருக்குப் பயப்படுவான்? இதற்குப் பதில் இல்லாமல் உங்கள் 'இறையாண்மை' ஒரு நாள் தாங்காது. அதனால்தான் வேதத்துக்குப் பொருள் சொல்லும் அதிகாரத்தையும் அவர் அரசிடமே கொடுக்கிறார். முகப்புப் படத்தில் அந்த ராட்சத அரசனின் ஒரு கையில் வாள், மறு கையில் ஆயர்கோல், அதாவது பிஷப்பின் கோல். படத்தைப் பார்த்தாலே போதும், சத்தியமாக.

ஹாலந்துத் தத்துவவாதி ஸ்பினோசாவும் 1670இல் வந்த தன் புத்தகத்தில் இதே கேள்விக்குத்தான் வருகிறார். வெளிச் சடங்குகளை அரசு ஒழுங்குபடுத்தட்டும், ஆனால் நினைப்பதையும் சொல்வதையும் அடக்கப் பார்த்தால் அரசுக்கே ஆபத்து என்கிறார். முடிவு கிட்டத்தட்ட நேரெதிர். ஆனாலும் 1674இல் ஹாலந்தில் இரண்டு புத்தகங்களுக்கும் ஒரே ஆணையில் தடை! தடை போட்டவர்களுக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

இன்னொரு ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கையும் 'சகிப்புத்தன்மையின் தந்தை' என்று அறிமுகப்படுத்துகிறீர்கள், சரி. கடவுளை மறுப்பவரின் சத்தியம் செல்லாது, அவரைச் சகிக்கவே கூடாது என்று அவர் 1689இல் எழுதியதையும் வகுப்பில் சொல்லுங்கள்.

42ஆம் அத்தியாயத்தைக் கேட்கவில்லை, 'லெவியதா'னிலேயே அதுதான் நீளம், மாணவர்கள் என்னைத் திட்டுவார்கள். 43ஐ மட்டும் சேருங்கள். சின்னதுதான்.

இப்படிக்கு,
பாதி படித்துப் பாஸான பழைய மாணவன்