அடுப்பைக் கேள், ஆட்களைப் பிறகு எண்ணு

கிளிநொச்சி

அன்புள்ள மகளுக்கு,

வன்னிப் போரில் செத்தவரையும் காணாமல் போனவரையும் எண்ண நீ எழுதின வினாக்கொத்து கிடைத்தது. முதல் கேள்வியை வெட்டிவிடு. "உங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் இறந்தார்கள்?" என்று படலையடியில் நின்று கேட்டால், இன்னும் மகனைத் தேடிக்கொண்டிருக்கிற தாய் அதோடு வாயை மூடிவிடுவாள்.

"சொந்த வளவை விட்டு வெளிக்கிட முதல், உங்கள் அடுப்பில் சமைத்ததை யார் யார் சாப்பிட்டவை?" என்று தொடங்கு. ஆண்டைக் கேட்காதே, வெளிக்கிட்ட மாதம் ஒவ்வொரு ஊருக்கும் வேறு. பெயர், வயது, உறவு எழுதிக்கொண்டு, ஒவ்வொருவராக "இப்ப எங்கே?" என்று கேள். இங்கே, வெளியில், செத்துவிட்டார், தெரியாது என்று நாலு விதமாகப் பதில் வரும். "தெரியாது" என்பதைச் செத்தவர் கணக்கில் ஒருநாளும் சேர்க்காதே.

வீடு வீடாகப் போனாலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கும். ஆள் மிஞ்சின வீடுதான் பதில் சொல்லும், முழுக்க அழிந்த வீட்டுக்குப் பேச ஆளில்லை. அதனால் பழைய ஒழுங்கையை ஒரு தாளில் கீறு. கிணறு, பூவரசு, சங்கக்கடை எல்லாம் அடையாளம் வை. "இந்த வளவில் யார் இருந்தது?" என்று அயலில் மூன்று பேரைத் தனித்தனியே கேள். மறுபக்கப் பிழையும் வரும்: ஒரே பெடியனைத் தாய், மாமி, தமக்கை மூவரும் சொல்லுவார்கள், ஒருத்தி வீட்டுப் பெயரில், ஒருத்தி பதிவுப் பெயரில். தகப்பன் பெயரும் பிறந்த ஆண்டும் இல்லாமல் எந்தப் பெயரையும் பட்டியலில் ஏற்றாதே.

இரண்டு பட்டியலை ஒப்பிட்டு மொத்தத்தை மதிப்பிடுகிற முறை உனக்குத் தெரியும். ஒன்றில் 100 பெயர், மற்றதில் 80, இரண்டிலும் இருப்பது 40 என்றால் 100 × 80 ÷ 40 = 200. பெரு நாட்டின் உண்மை ஆணைக்குழு இதே முறையின் விரிந்த வடிவத்தால்தான், அங்கே செத்தும் காணாமலும் போனவர்கள் 69,280 என்ற மதிப்பீட்டுக்கு 2003இல் வந்தது. ஆனால் பட்டியல்கள் ஒன்றையொன்று சாராமல் இருக்கவேண்டும். இங்கே ஒரு ஆணைக்குழுவுக்குப் போன தாய்தான் அடுத்ததற்கும் போனாள். அதனால் பொதுவான பெயர் 60 ஆகிவிட்டால் விடை 133க்கு இறங்கிவிடும். குறைந்த கணக்கு, அதுவும் கணிதத்தின் பெயரில்.

1,46,679 என்ற எண்ணையும் கவனமாகக் கையாள். மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில், போருக்குப் பிறகு அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்தது அது: 2008 ஒக்டோபரில் கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) கணக்கில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059, போர் முடிந்தபிறகு 2009 ஜூலை வரை அரச பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. கழித்து வருவது கணக்கில் வராதவர்களின் தொகை. அதைச் செத்தவர் தொகை என்று எழுதினால், மறுக்க நிற்பவனுக்கு நீயே கோடரிக்காம்பு எடுத்துக் கொடுத்தது போல.

இனப்படுகொலையா என்ற வழக்கை வாசலில் கொண்டுபோய் வைக்காதே. வட மாகாண சபை 2015 பெப்ரவரியில் அப்படித்தான் தீர்மானம் எடுத்தது, அரசு மறுக்கிறது. அதெல்லாம் உன் முன்னுரைக்கு. ஐ.நா.வின் 1948 இனப்படுகொலை உடன்படிக்கை அழிக்கும் நோக்கத்தை நிறுவக் கேட்கும், அது நீதிமன்றத்தின் பாடு. இனப்படுகொலை என்ற சொல்லை 1944இல் முன்வைத்த சட்ட அறிஞர் லெம்கின், மொழி, பண்பாடு, பிழைப்பு எல்லாம் குலைவதையும் அதற்குள் அடக்கினார். உடன்படிக்கை எழுதும்போது பண்பாட்டழிப்பை வெட்டிவிட்டார்கள். உன் வேலை அந்த வெட்டின துண்டில்தான் இருக்கிறது என்பேன்.

அதை அளக்க "உறவுகள் பாதிக்கப்பட்டனவா?" என்று கேட்டுப் பயனில்லை. கடைசியாக நடந்த செத்தவீட்டில் கொள்ளி வைத்தது யார்? கல்யாணத்தில் தோழனாக நின்றது யார்? முறைப்படி யார் நிற்கவேண்டும்? முறைக்குரியவரும் நின்றவரும் வேறாக இருக்கிற வீடுகளை எண்ணு. எந்த அலுவலகப் பதிவிலும் அது கிடையாது.

"திருமண நிலை" நிரலையும் மாற்று. மணமானவர், விதவை, பிரிந்தவர் என்ற மூன்றிலும் அடங்காத, புருசன் காணாமல் போன பெண்கள் இங்கே நிறைய. மரணப் பதிவுச் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணவில்லை என்ற சான்றிதழ் எடுக்கலாம். எதை எடுத்தாள், எதற்காக எடுத்தாள், எடுக்காவிட்டால் ஏன் என்று கேள். வங்கிக் கணக்கு, காணி உறுதி, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று காரணம் வரும். மரணச் சான்றிதழ் வைத்துக்கொண்டே பொட்டோடு இருப்பவளை ஒரு கட்டத்துக்குள் அடைக்காதே, அவள் சொன்னபடியே எழுது.

மே 12 முதல் 18 வரை, முள்ளிவாய்க்கால் நினைவு வாரத்தில், ஊருக்குள் இறங்காதே. கஞ்சி காய்ச்சுவார்கள், புலனாய்வுக்காரரும் சுத்தித் திரிவார்கள், உன்னோடு பேசினவளை அடுத்த நாள் விசாரிப்பார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியட்டும், பிறகு வா.

அப்பா