அழாததுதான் குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜான் கார்பென்டர் இயக்கிய ‘தி திங்’ (1982) பற்றிச் சென்ற இதழில் எழுதிய தங்கள் விமர்சகர், ‘ஒருவர் சாவுக்கும் ஒருவர் அழாத, நெஞ்சில் ஈரமற்ற படம்’ என்று தீர்ப்பளித்திருக்கிறார். அழவில்லை என்பதைக் கவனித்தவர், ஏன் அழவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

அண்டார்டிக் ஆய்வு நிலையம், பன்னிரண்டு ஆண்கள், அவர்களில் எவரைப் போலவும் அச்சு அசலாக மாறிவிடும் ஏதோ ஒன்று. பக்கத்தில் நிற்பவன் மனிதன்தானா என்றே தெரியாதபோது யார் தோளில் யார் சாய்ந்து அழுவது? பழுக்கக் காய்ச்சிய கம்பியை ஒவ்வொருவர் ரத்தத்திலும் தோய்த்துப் பார்க்கிறான் நாயகன் மெக்ரெடி; மனிதனல்லாததன் ரத்தம் சூடு பட்டால் துள்ளி விலகும். சற்றுமுன் கத்தியோடு வந்ததால் அவன் சுட்டுக்கொன்ற கிளார்க்கின் ரத்தம், சொய்யென்று பொரிந்து அடங்குகிறது, செத்தவன் மனிதன்தான். அப்படியானால் நீ கொலைகாரன் என்று ஒருவன் சொல்ல, மெக்ரெடி மறுப்பேதும் கூறாமல் அடுத்தவன் ரத்தத்துக்குப் போய்விடுகிறான். அங்கே ஒரு சோகப் பாட்டு இருந்திருந்தால் தங்கள் விமர்சகர் இரண்டு நட்சத்திரம் கூட்டிக் கொடுத்திருப்பார். கண்ணீருக்கு அவர் நட்சத்திரம் வழங்குவது இன்று நேற்றல்ல.

நான் முன்பு பணியாற்றிய அலுவலகத்தில் ஒருமுறை பெட்டிப் பணம் குறைந்தது. நான்கு நாள்கள் நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து சாப்பிடவில்லை. ஒருவர் இழுப்பறையைத் திறந்தால் மற்ற ஐவரும் நிமிர்ந்து பார்த்தோம். ஐந்தாம் நாள், கூட்டலில்தான் பிழை என்று தெரிந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் படத்தின் குளிர் எனக்குப் பனியிலிருந்து வரவில்லை.

வன்முறை அளவு மீறியது என்கிறார். உடம்பே ஆளைக் காட்டிக்கொடுக்கும் கதையில் உடம்பு பிளக்காமல் என்ன செய்யும்? கணினி வரைகலையை நம்பாமல் ரப்பரும் கம்பியும் கொண்டு அந்தக் கோர உருவங்களைச் செய்த ராப் பாட்டினுக்கு அப்போது இருபதுகளின் தொடக்கம். அவர் பெயரே கட்டுரையில் இல்லை. இப்படத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வெளிவந்த, வேற்றுக்கிரகவாசியை நண்பனாகக் காட்டிய ‘ஈ.டி.’யின் அன்பில் உருகியிருந்த காலத்தில் இப்படத்தை விமர்சகர்கள் எப்படித் தூற்றினார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. அதே குற்றப்பத்திரிகையை இத்தனை ஆண்டு கழித்துப் படியெடுக்க ஒரு முழுப்பக்கம் தேவையா?

என் வேண்டுகோள் சிறியது. இசை கார்பென்டர் என்று அச்சாகியிருக்கிறது. இசையமைத்தவர் என்னியோ மோரிகோனே. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போதும். இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், போன முறை போல ‘வணக்க’த்தை வைத்துக்கொண்டு புகாரை வெட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்