ஒரு பக்கச் சீட்டா, இரண்டு பக்கச் சீட்டா?

கோத்தகிரி
ஞாயிறு மாலை

டேய் சோடாபுட்டி,

அம்மாவைக் கனடாவுக்குக் கூட்டிப்போவதைப் பற்றி நீ எழுதிய மெயில் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை (சரி, கொஞ்சம் சோம்பலும்தான்). நாலு நாள் விடாத மழை, கரண்ட் இல்லை, என் ஜெராக்ஸ் கடையில் இருந்த ஒரே யுபிஎஸ்ஸும் செத்துப்போனது. அதோடு, உன் அம்மாவிடம் பேசாமல் உனக்கு என்ன எழுதுவது? நேற்றுச் சாயங்காலம்தான் கடையை அடைத்துவிட்டு அந்தப் பக்கம் போனேன். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து முதல் கேள்வி, "கரடி போயிருச்சா பாத்தியா தம்பி?" மேட்டுக் கோயிலில் விளக்கெண்ணெய் குடிக்க வருகிறதே, அதுதான். இப்போது குட்டியோடு வருகிறதாம். நாம் படிக்கும்போது கரடி பார்த்தேன் என்று எவனாவது சொன்னால் ஒரு வாரம் ஓட்டியிருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். பி.ஆர். (அங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கிற உரிமை) யோசனையை இப்போதைக்கு விடு. பெற்றவர்கள் போய்த் தங்கிவிட்டு வருகிற சூப்பர் விசா போடு.

கோபப்படாமல் கேள். அப்பா அம்மாவை ஸ்பான்சர் செய்ய 2020-இல் விருப்பப் படிவம் வாங்கினார்களே, அதற்கப்புறம் வந்த வருடங்களிலும் அந்தக் கூட்டத்திலிருந்தே குலுக்கிக் குலுக்கிக் கூப்பிட்டார்கள். நீ அப்போது படிவமே போடவில்லை, "எங்கம்மா மலையை விட்டு எறங்க மாட்டாங்கடா" என்று என்னிடமே சொன்னாய். சரி, அது போகட்டும். நாளைக்கே கதவு திறந்தாலும் 20 வருடம் அம்மாவின் பாடு என் பொறுப்பு என்று அரசாங்கத்துக்கு நீ எழுதிக் கொடுக்க வேண்டும். மகனுக்கு அது பெரிய விஷயமில்லை. எனக்கு இடிப்பது, பி.ஆர். வாங்கினால் ஐந்து வருடத்தில் 730 நாளாவது அங்கேயே இருந்தாக வேண்டும் என்பதுதான். அறுபத்தைந்து வயதில் அம்மாவை நாள் எண்ண வைக்காதே.

சூப்பர் விசாவில் அந்தத் தொல்லை கிடையாது. 10 வருடம் வரை செல்லுகிற மாதிரி தருவார்கள், ஒரு தடவை உள்ளே போனால் 5 வருடம் இருக்கலாம் (2022 வரைக்கும் 2 வருடம்தான் இருந்தது), பிடிக்கவில்லையென்றால் ஆறாவது மாதமே கிளம்பி வந்து இங்கே வீட்டைத் திறந்து சாணி தெளித்துவிட்டு அடுத்த வருடம் மறுபடி போகலாம். செலவு என்று பார்த்தால் இன்சூரன்ஸ்தான், ஏனென்றால் உங்கள் ஊர் அரசாங்க வைத்தியம் இந்த விசாவில் வருகிறவர்களுக்குக் கிடையாது. குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு, ஒரு வருடத்துக்கு எடுக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று எதையாவது எடுத்துவிடாதே. அம்மாவுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது. பழைய நோய் என்றால் இத்தனை மாதம் மாத்திரை மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்று பல பாலிசிகளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். போன மாதம்தான் டாக்டர் பிரஷர் மாத்திரையை மாற்றினார். உனக்குத் தெரியுமா அது? தெரியாது. எனக்கே மருந்துச் சீட்டை ஜெராக்ஸ் போடும்போதுதான் தெரிந்தது.

அடுத்தது பேப்பர். இங்கேதான் நீ வந்து தலையை விட வேண்டும். உன் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் லட்சுமி. ஆதாரில் லெட்சுமி. அந்தத் தகரப் பெட்டியிலிருந்து இலங்கையிலிருந்து வந்தபோது கொடுத்த குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார், அதில் தாத்தா பெயருக்குக் கீழே லெச்சுமி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், விசா ஆபீசருக்கு எப்படித் தெரியும்? இவர் பெற்ற பிள்ளைதான் நீ என்பதற்கு அந்தச் சான்றிதழ்தான் ஆதாரமே. அதனால் முதலில் எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் பாஸ்போர்ட் போடுவோம். பிறந்த இடத்தில் ஹட்டன், இலங்கை என்று எழுதியதும் கோயம்புத்தூரில் நிமிர்ந்து பார்ப்பார்கள். பார்க்கட்டும். அதற்குத்தான் அந்த அட்டையை ஐம்பது வருடமாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்.

அந்தப் பெட்டியைத் திறந்ததும்தான் பேச்சே வேறு பக்கம் போனது.

நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 1964-இல் கையெழுத்துப் போட்டதையும், அங்கேயிருந்த தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்ததையும் நம் வாத்தியார் சொல்லிக் கேட்டிருக்கிறோம், உன் வீட்டுக் கதை என்று நீ ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா வந்தது 1974-இல், பதினாலு வயது. கோச்சி (ரயில்தான்) ஏறித் தலைமன்னார், அங்கேயிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் கேம்ப், அப்புறம் இந்தக் குளிர், டேன்டீ என்கிற அரசாங்கத் தேயிலைத் தோட்டத்து லயம், கொழுந்துக் கூடை. பெரியம்மா மட்டும் வரவில்லை. அவர் கட்டிக்கொண்டவர் வீட்டுக்கு அந்த ஊர்ப் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. "ரெண்டு வருசத்துல போய்ப் பாத்துட்டு வரலாம்னு அப்பா சொன்னாரு. சீட்டு ஒரு பக்கச் சீட்டுன்னு அவருக்குத் தெரியாதா?" பெரியம்மா செத்த சேதி கடிதத்தில் வந்ததாம், அதுவும் காரியம் முடிந்து இருபது நாள் கழித்து.

இவ்வளவும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, கனடாவுக்கு அவன் போடுறது ஒரு பக்கச் சீட்டா, ரெண்டு பக்கச் சீட்டா?"

நான் ஏன் சூப்பர் விசா, சூப்பர் விசா என்று அடித்துக்கொள்கிறேன் என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று. நீ எழுதியிருந்தாயே, இரண்டாவது பிரசவத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டால் பிள்ளை பார்க்க ஆள் கூப்பிடுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று. நானும் அப்படி நினைத்து உன்னைத் திட்டி ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன், அழித்துவிட்டேன். அம்மாவுக்கு அது ஒரு குறையே இல்லை. "வேலை இருந்தாத்தான் நான் போவேன், சும்மா ஒக்கார வெச்சா ஒரு மாசம் தாங்க மாட்டேன்" என்கிறார். பதினெட்டு வயதிலிருந்து தோட்டத்தில் பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) போன ஆள்! ஆனால் பிள்ளை ஸ்கூல் போக ஆரம்பித்து, நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால், வெளியே பனிக்கட்டி வழுக்குகிற ஊரில் அந்த வீட்டுக்குள் பகல் முழுக்க அவர் என்ன செய்வார்? குளிர் அவருக்குப் புதிதில்லை, மார்கழியில் நாலரை மணிக்கு எழுந்து வாசலில் நிற்கிறவர். பேச ஆள் வேண்டும். பக்கத்தில் தமிழ் பேசுகிற வீடு, நடந்து போகிற தூரத்தில் ஒரு கோயிலோ கடையோ இருக்கிற இடமாகப் பார். நீ எழுதியிருந்த அந்தப் புது வீடு காரில்லாமல் பால் வாங்க முடியாத இடத்தில் இருக்கிறது என்று உன் பெண்டாட்டியே போனில் என் வீட்டுக்காரியிடம் சொன்னாளாம்.

உனக்காவது வழி இருக்கிறது. குன்னூரிலிருந்து லண்டன் போய் நர்ஸாக இருக்கிற பெண் ஒருத்தி என் கடையில்தான் எல்லாம் அச்சடிப்பாள். 2012-இல் அங்கே சட்டத்தை மாற்றினார்கள். தினப்படி வேலைக்கே ஒருவர் துணை வேண்டும், அந்தத் துணை சொந்த ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று நிரூபித்தால்தான் அம்மாவைக் கொண்டுபோக முடியும். பணம் அனுப்பினால் இங்கே ஆள் கிடைக்கும், அதனால் அம்மா இங்கேயேதான். ஊரார் அம்மாக்களை அங்கே தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருக்கிறாள்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அழைப்புக் கடிதத்தில் வீட்டில் எத்தனை பேர் என்று சரியாக எழுது, அம்மாவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் உன் வருமானம் போதுமா என்று பார்ப்பார்கள். வருமான வரிப் பேப்பர், உன் சிட்டிசன்ஷிப் நகல் இரண்டையும் அனுப்பு. மெடிக்கலுக்கும் கைரேகைக்கும் நான் கூட்டிப் போகிறேன். பெயர்த் திருத்தம் முடியவே இரண்டு மாதம் ஆகும், பிரசவத் தேதிக்கு இப்போதே இழுபறிதான்.

அப்புறம் ஒரு விஷயம், சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நீ எனக்கு இதுவரை ஏழு மெயில் போட்டிருக்கிறாய், எல்லாவற்றிலும் ஃபைல் கேட்டிருக்கிறாய். அம்மாவிடம் "வாம்மா" என்று ஒரு தடவை கூடச் சொன்னதில்லையாம். "அவன் கூப்பிட்டானா தம்பி, இல்ல நீயாச் சொல்றியா?" என்று வாசல் வரைக்கும் வந்து கேட்டார். நான் சட்டென்று கரடியைப் பற்றிப் பேசிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன்.

ராத்திரி எட்டரைக்குப் போன் போடு, அதற்குமேல் மாத்திரை போட்டுத் தூங்கிவிடுவார். போகவர டிக்கெட் போட்டதும் எனக்கு அனுப்பு, பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன். அந்தப் பெட்டியில் குடும்ப அட்டைக்கு மேலே வைக்க வேண்டுமாம்.

உன்,
குள்ளன்