அம்மாவின் மினிட்ஸ் நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கத் தேர்தலில் தேவாலயங்களின் பங்கு பற்றித் தங்கள் நடுப்பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். போதகர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்குச் சபையார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் சபைக்குள்ளேயே வளர்ந்தவள் நான். முப்பத்திரண்டு வருடம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை.

போன வருடம் இந்தியானா மாநிலத்தில், சவுத் பெண்டில், மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தேன். நோட்டர் டேம் பல்கலைக்கழகம் பக்கத்தில்தான். அங்கே அரசியல் அறிவியல் பேராசிரியராக இருக்கும் டேவிட் கேம்ப்பெலின் புத்தகங்களை ஊர் நூலகத்தில் எடுத்து, பேத்தி தூங்குகிற நேரத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன்.

ராபர்ட் புட்னம் என்ற இன்னொரு அரசியல் அறிவியல் அறிஞரும் அவரும் சேர்ந்து 2006-ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் கேள்வி கேட்டார்கள். அடுத்த வருடம் அவர்களில் பலரை மறுபடியும் சந்தித்தார்கள். ஒழுங்காக ஆராதனைக்குப் போகிறவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தொண்டு செய்கிறார்கள், ஊர்ப் பொதுக் கூட்டங்களுக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது. இது நாம் எதிர்பார்ப்பதுதான். ஆனால் காரணம் பக்தியின் ஆழமும் இல்லை, சபையின் கொள்கையும் இல்லை. சபைக்குள் ஒருவருக்கு எத்தனை சிநேகிதர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் காரணம் என்கிறார்கள். தனியே உட்கார்ந்து உருகி ஜெபிக்கிறவரைவிட, கடவுளையே நம்பாமல் மனைவியோடு வந்து சபையாருடன் பழகுகிறவர் தொண்டுக்குப் போக வாய்ப்பு அதிகமாம். அந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். என் அம்மாவின் நினைவு வந்துவிட்டது.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பதினோரு வருடம் செயலாளர். உலை வைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே போட்டுவைக்கும் கைப்பிடி அரிசியை வீடு வீடாகச் சேர்த்து, அளந்து, விற்று, கணக்கு எழுதுவது அவர் வேலை. மாதக் கூட்டத்தில் மினிட்ஸ் நோட்டை விரித்து, போன கூட்ட நடவடிக்கைகளை வாசித்து, சங்கம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அடுத்த விஷயத்துக்குப் போவார். அரை ரூபாய் இடித்தாலும் கூட்டம் முடியாது.

1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு. எங்கள் வார்டு பெண்களுக்கு வந்ததும், யார் மனைவியை நிறுத்தலாம் என்று ஆண்கள் பேச ஆரம்பித்தார்கள். சங்கத்துப் பெண்கள் அம்மாவை நிறுத்தினார்கள், ஜெயிக்கவும் வைத்தார்கள். முதல் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டபோது மேலே பாதிப் பக்கம் வெறுமையாக இருந்ததாம். "எழுதி முடிங்க, வாசிங்க, அப்புறம் போடுதேன்" என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தைரியம் பிரசங்கத்தில் கேட்டு வந்ததில்லை. பதினோரு வருடம் நோட்டு எழுதிய கையிலிருந்து வந்தது.

சிட்னி வெர்பா, கே ஷ்லோஸ்மன், ஹென்றி பிரேடி என்ற அரசியல் அறிவியல் அறிஞர்கள் மூவரும் 1995-லேயே அமெரிக்காவைப் பற்றி இதைச் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் எழுதுவது, கூட்டம் ஏற்பாடு செய்வது, நாலு பேர் முன்னால் பேசுவது போன்ற பழக்கங்கள் வேலையிடத்தில் பெரும்பாலும் மேலே இருப்பவர்களுக்குத்தான் வாய்க்கின்றன. சபையிலோ ஏழைக்கும் கிடைக்கின்றன. அதிலும் விசுவாசிகள் நிர்வாகத்தில் அதிகம் கைகொடுக்கும் புராட்டஸ்டன்ட் சபைகளில் கத்தோலிக்கச் சபைகளைவிடக் கூடுதலாகக் கிடைக்கின்றன என்றார்கள்.

இதன் மறுபக்கத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. தங்களுக்குப் பிடிக்காத கருத்தைப் பேசுகிறவரைப் பொறுத்துக்கொள்வதில் பக்தர்கள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று கேம்ப்பெலும் புட்னமும் எழுதியிருக்கிறார்கள். சேகரம் என்ற சபை நிர்வாகப் பிரிவின் தேர்தலுக்காக உடன்பிறந்தவர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதை நானே பார்த்திருக்கிறேன். மதமும் கட்சியும் ஒட்டிக்கொண்டால், அந்தக் கட்சி பிடிக்காதவர்கள் மதத்தை விட்டே விலகுகிறார்கள் என்றும் கேம்ப்பெல் தன் சகாக்களோடு ஆராய்ந்து சொல்கிறார். அமெரிக்காவில் மதம் எதுவும் இல்லை என்று சொல்பவர்கள் 1990-களின் தொடக்கத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. இப்போது முப்பதை நெருங்குகிறார்கள்.

சரி, சபையோ சங்கமோ இல்லாத பிள்ளை, கூட்டத்தில் பேசுவது, கேள்வி கேட்பது போன்ற பழக்கங்களை எங்கே கற்கும்? பள்ளிக்கூடத்தில்தான். 1999-ல் 28 நாடுகளில் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் குடிமைக் கல்வி பற்றி ஓர் ஆய்வு நடந்தது. அதில் அமெரிக்க மாணவர்களின் விடைகளை எடுத்து 2008-ல் கேம்ப்பெல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆசிரியரோடு மாறுபட்டுப் பேசலாம், நாட்டு நடப்பை விவாதிக்கலாம் என்றிருக்கும் வகுப்பில் படித்த பிள்ளைகளுக்குக் குடிமை அறிவும் கூடுகிறது, பின்னாளில் விவரம் தெரிந்து ஓட்டுப் போட வேண்டும் என்ற எண்ணமும் கூடுகிறது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தப் பலன் போய்ச் சேருகிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

நான் நடத்திய குடிமையியல் அப்படி இல்லை. புத்தகத்தின் கடைசியில் கிடக்கும் அந்தப் பாடங்களை ரிவிஷன் நெருக்கத்தில் எடுப்பேன். முக்கியமான கேள்விகளைக் குறித்துக்கொள்ளச் சொல்வேன். ஒருமுறை ஊராட்சியின் கடமைகள் பாடத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "டீச்சர், மேல்நிலைத் தொட்டி எங்க தெரு முனையிலதான் இருக்கு. எங்க தெருவுக்கு மட்டும் ஏன் தண்ணி வரல?" என்று கேட்டாள். அது பரீட்சைக்கு வராது, உட்காரு என்றேன். உட்கார்ந்தாள். அந்த வருடம் முழுக்க அவள் வேறு கேள்வியே கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது.

தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாராவாரம் மாதிரி வினாத்தாள் வருகிறது. அதில் அரைப் பத்தியை ஒதுக்கி, ஓர் ஊரின் நிஜமான பிரச்சினையை இரண்டு தரப்பு நியாயங்களோடு போடும்படி கேட்டுக்கொள்கிறேன். சந்தையை ஊருக்கு வெளியே மாற்றலாமா, குளத்துக் கரையில் கடை கட்டலாமா என்பது போல. விடை கொடுக்க வேண்டாம். ஆசிரியர்கள் அதை வகுப்பில் வாசித்துவிட்டுப் பிள்ளைகளைப் பேச விடட்டும். இப்படிப் பன்னிரண்டு பிரச்சினைகளை எழுதி இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். முதலாவது, அந்தப் பெண் கேட்ட தண்ணீர்க் கேள்வி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பாளையங்கோட்டை.