ஆறாம் லயம் போய்விட்டது, மாணிக்கம்

சுங்கை சிப்புட்

அன்புள்ள மாணிக்கம்,

நாலு மாதமாக எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் சுகம். செல்லம்மா அக்காவுக்கு அதே முட்டிவலி. நீ சுருட்டை விட்டாயா இல்லையா? எத்தனை தடவை சொல்வது!

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை நம் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான ஆறாம் லயத்தை இடித்துவிட்டார்கள். பேத்தியும் கூட வந்திருந்தாள். குத்தகைக்காரர் ஆள் போனில் ஆங்கிலத்தில் பேசியதைக் கேட்டுவிட்டு, "தாத்தா, லயத்தை ரேஸ் பண்ணப் போறாங்களாம். உயர்த்திக் கட்டுவாங்களா?" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை. உயர்த்துவதற்கும் தரைமட்டமாக்குவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பு, எழுத்துத்தான் வேறு.

அன்றிரவு அகராதியை எடுத்து உட்கார்ந்தேன். தரைமட்டமாக்கும் ரேஸுக்கு லத்தீன் வேர், பொருள் சுரண்டுவது, மழிப்பது. சவரம் செய்கிற ரேசரும், எழுத்தை அழிக்கிற இரேசரும் அதன் உறவுக்காரர்கள். இடிப்பதற்கு ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லான டெமாலிஷ் அப்படியல்ல. லத்தீனில் மோலிரி என்றால் பாடுபட்டுக் கட்டுவது. முன்னால் 'டி' சேர்ந்ததும் கட்டியதைக் குலைப்பது. 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. இப்போது எதிராளியின் வாதத்தையும் டெமாலிஷ் செய்கிறார்கள், ஒரு தட்டு நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, அதையும் தின்று தீர்த்து டெமாலிஷ் செய்கிறார்கள். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பார், யாரோ கட்டினார்கள் என்பதை அந்தச் சொல் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. நாம் 'வீட்டைப் பிரிக்கிறது' என்போமே, அந்த மாதிரி. உங்கப்பா கூரை பிரித்தது ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, பால் டின்னில் போட்டு வைப்பார்.

செவ்வாயன்று யாரும் ஆணி பிடுங்கவில்லை. சுவர் விழுந்த பிறகும் புல்டோசர் நிற்காமல் தரையை வழித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையின் சிமெண்டுத் தரை, உங்கம்மா உரல் கிடந்த குழி, வாசற்படியில் நாம் கீறிய ஆடுபுலிக் கட்டம், எல்லாம் போயிற்று. வெறும் செம்மண். ஓரத்தில் செம்பனைக் கன்றுகளைப் பையோடு இறக்கி வைத்திருக்கிறார்கள். மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

அடுத்தது ஐந்தாம் லயம். செல்லம்மா அக்கா இருந்த வீட்டை மட்டுமாவது நாங்களே பிரித்துக்கொள்கிறோம் என்று கேட்டேன். சரி, இரண்டு வாரம் தருகிறோம் என்றார்கள். சனிக்கிழமை காலை பஸ்ஸைப் பிடித்து வந்துவிடு. உங்கப்பாவின் ஆணிபிடுங்கி இருந்தால் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
உன் கோவிந்தன்